ஐந்து சென்டிமீட்டர் சந்தேகம்

மணி ஒன்று நாற்பத்தைந்து. ஸ்கூட்டர் முழுசாக நிற்பதற்குள் சல்லடை குதித்து இறங்கி, தலையில் ஹெல்மெட்டோடு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“அத்தை, ஹெல்மெட்டைக் கழட்டுங்க. திருடனைப் பிடிக்க வந்தோமா, திருட வந்தோமான்னு அவங்களுக்குக் குழப்பம் வந்துடும்.”

“வாயைக் கொஞ்சம் சாத்திட்டு வாங்க மாப்பிள்ளை. காத்து உள்ளே போய் சளி பிடிச்சுக்கப் போகுது.”

சல்லடை என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைச் சலித்து எடுத்தவர். எரிந்துபோன கடையின் சாம்பலை முகர்ந்து பார்த்தே அது எந்தக் கிழமை கொளுத்தப்பட்டது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அது சுத்த மிகை. கிழமையெல்லாம் சொல்ல மாட்டார். மணி மட்டும்தான் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு ஓய்வெடுக்கத் தெரியாமல் வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருந்தார். மருமகனோ நாலு வருடமாக அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருந்தார், பெரும்பாலும் சோபாவுக்குள். ஒருநாள் மகள் இருவரையும் வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். துப்பறியும் நிறுவனம் தொடங்கிய வரலாறு அவ்வளவுதான். மாப்பிள்ளையை ஒருமையில் பேச முடியாதாகையால், மரியாதையாகவே திட்டும் கலையில் சல்லடை உலக அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

தொழிற்சாலையின் பெரிய இரும்புக் கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல். இருவரும் உள்ளே நுழைந்தார்கள். நாற்பது தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் மல்யுத்தம் செய்தன.

“நாலு மணிக்கு வர்றாங்க,” என்றார் வடிவமைப்பாளர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நாற்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“யாரு?”

“எண்பது கடை வச்சிருக்கிறவங்க. ஷூவைப் போட்டு நடந்து காட்டினா ஆர்டர் எங்களுக்கு. இல்லைன்னா ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போயிடுவாங்க.”

“சரி, ஷூ எங்கே?”

“அது இருந்தா உங்களை ஏன் கூப்பிடப் போறேன்?”

“நியாயமான கேள்வி,” என்றார் மாப்பிள்ளை.

காணாமல் போனது ஒரே ஒரு ஜோடி. கறுப்புத் தோல், மூடிய முன்பக்கம், பூவும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஷூ. ஆனால் அதன் குதிகால் குடைக் கம்பியைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். உள்பக்கத்தில் விரலால் அழுத்தினால் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சென்டிமீட்டர் என்று நாலு உயரங்களில் நிற்கும்.

“குதிகாலை ஏத்தி இறக்கறது பெரிய விஷயம் இல்லைங்க,” என்று வடிவமைப்பாளர் மேசை மேலிருந்த ஒரு சாதாரண ஹை ஹீல்ஸை எடுத்துக் குதிகாலை மேசை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டுக் காட்டினார். “இதோ, குதிகால் இறங்கினா மூக்கு வானத்தைப் பார்க்கும்.”

“கோபம் வந்தா எங்க அத்தைக்கும் அப்படித்தான்.”

“அடிப்பாகமும் கூடவே வளையணும். உள்ளே ஓடற இரும்புப் பட்டையை ரெண்டாக்கி, நடுவுல ஒரு கீல் வச்சிருக்கோம். அதுதான் எங்க ரகசியம். பதினாலு மாச உழைப்பு. அதைத் தூக்கிக் கொடுத்துட்டா.”

“கொடுத்துட்டாளா? யாரு?”

வடிவமைப்பாளர் தாடையால் வெளியே காட்டினார். நடைபாதையில் ஒரு ஸ்டூலில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு முழங்கால் எகிறிக்கொண்டே இருந்தது.

“என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. நாலு மணிக்குள்ள ஷூ வரலைன்னா நாலரைக்கு போலீஸ் வரும். சொந்தமாவது பந்தமாவது.”

எந்த ஷூவையும் முதலில் ஒரே ஒரு அளவில்தான் செய்து பார்ப்பார்கள். அந்த அளவுக்குக் கால் உள்ளவர் யாராவது அதைப் போட்டு நடந்து சொல்ல வேண்டும். இங்கே அந்தக் கால் நாத்தனாருடையது. முப்பத்தேழாம் நம்பர். அதனால் அவளுக்குத் தொழிற்சாலையில் நடைக்காரி என்று பெயர்.

சல்லடை அவளெதிரே போய் நின்றார். நின்றபடியே இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றினார்.

“எடுத்தியாம்மா?”

“எங்கே கடிக்குது, எங்கே அழுத்துதுன்னு பதினாலு மாசம் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ஞ்சு போச்சு. இன்னைக்கு என் பையை எல்லார் முன்னாடியும் தலைகீழா உதறிட்டாங்க. அதுல பெரிய கம்பெனிக்காரங்க வேலைக்குக் கூப்பிட்ட கடிதம் இருந்துச்சு. வந்து ரெண்டு மாசம் ஆச்சு. போகணும்னா அன்னைக்கே போயிருக்க மாட்டேனா?”

“உங்க அண்ணன் என்ன சொல்றார்?”

“வெளியூர். போன் கிடைக்கலை. எனக்கும் அண்ணிக்கும் சண்டைன்னா அவருக்கு உலகத்துல எங்கேயும் டவர் கிடைக்காது.”

“புத்திசாலி,” என்றார் மாப்பிள்ளை ஏக்கத்தோடு.

நடந்தது இதுதான். காலை பத்தரைக்கு, அந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளை எல்லாம் சோதிக்கும் தர ஆய்வாளர் வந்தார். சோதனை அறைக்குள் ஷூவோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சோதனை நடக்கும்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. பதினொன்று பத்துக்குக் கிளம்பிவிட்டார். பதினொன்றே காலுக்கு ஷூவை எடுக்கப் போன நடைக்காரி, மேசை காலியாக இருந்தது என்கிறாள். பின்னாலேயே போன வடிவமைப்பாளர் அவளைத்தான் அறைக்குள் பார்த்திருக்கிறார்.

“ஆய்வாளர் எடுத்திருந்தா?”

“அவர் பையை வாசல்ல பார்த்துட்டுத்தான் விட்டாங்க. எல்லார் பையையும் பார்த்தாச்சு.”

சல்லடை நடைபாதையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார்.

“பையைப் பார்த்தீங்க. காலைப் பார்த்தீங்களா?”

வடிவமைப்பாளர் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். முகம் சிவந்தது. “போட்டுட்டே போயிருக்கலாம்னு சொல்றீங்களா? அப்படின்னா இன்னும் சந்தேகமே இல்லை! இந்தக் கட்டடத்துல அந்த அளவு கால் இவளுக்கு மட்டும்தான்.”

நடைக்காரியின் முழங்கால் எகிறுவது நின்றது.

“நல்லா உதவி பண்ணீங்க அத்தை,” என்று மாப்பிள்ளை காதோரம் முணுமுணுத்தார். “இன்னும் அரை மணி நேரம் நாம இங்கே இருந்தா அந்தப் பொண்ணுக்குத் தூக்குத் தண்டனையே வாங்கிக் கொடுத்துடலாம்.”

சல்லடை அதற்குள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

வாசல்காரர் ஒரு சின்ன மேசையோடு திட்டிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தார். வருகிற போகிற பைகளைத் திறந்து பார்ப்பதும், கடைகளிலிருந்து திரும்பி வரும் ஷூக்களுக்குச் சீட்டு கட்டி அலமாரியில் வைப்பதும் அவர் வேலை.

“அம்மா, நான் பையை மட்டும்தான் பார்ப்பேன். மூஞ்சியைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லலை.”

“காலையில வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?”

“ஒண்ணும் இல்லையே. ஆய்வாளர் சார் போகும்போது தலையை இடிச்சுக்கிட்டார், அவ்வளவுதான். இடிச்ச வேகத்துல இரும்புக் கேட்டே ஆடிப்போச்சு. ஐஸ் வேணுமான்னு கேட்டேன். போன்ல யார்கிட்டயோ திட்டு வாங்கிட்டே ஓடிட்டார்.”

சல்லடை நடப்பதை நிறுத்தினார். இது அபூர்வம், மருமகன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

“உள்ளே வரும்போது இடிச்சுக்கிட்டாரா?”

“இல்லம்மா. ஆறடிக்கு மேல இருப்பார். ஆனா அவர் தலைக்கும் மேல்சட்டத்துக்கும் ரெண்டு விரல் இடைவெளி இருந்துச்சு. நல்லாப் பார்த்தேன். இந்த வாசல்ல யார் இடிச்சுக்கறாங்கன்னு பார்க்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு?”

“வரும்போது இடிக்காத தலை, போகும்போது ஏன் இடிச்சுது மாப்பிள்ளை?”

“போன்ல திட்டு வாங்கினா தலை குனியும். அப்படின்னா இடிக்கவே கூடாதே?”

“பரவாயில்லை. சில சமயம் நீங்க யோசிக்கவும் செய்றீங்க.”

“நீங்க போடற சாப்பாடு அப்படி அத்தை.”

“நாற்பது நிமிஷத்துல ஒரு மனுஷன் ரெண்டு விரல் அளவுக்கு மேல வளர்ந்திருக்கார்,” என்றார் சல்லடை. “இந்தக் கட்டடத்துல ஆளை வளர்க்கிற பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.”

பின்னாலேயே ஓடிவந்திருந்த வடிவமைப்பாளர் சிரித்தேவிட்டார். சிரிப்பு கொஞ்சம் கிறீச்சிட்டது. “அந்தப் பனைமரம் என் ஷூவைப் போட்டுட்டுப் போச்சா? அவர் கால் எவ்வளவு பெரிசா இருக்கும்!”

“பார்த்தீங்களா?”

“எங்கே பார்க்கிறது, பேன்ட்தான் தரையைக் கூட்டிக்கிட்டே...”

பாதியில் நிறுத்திவிட்டார்.

“அவர் வரும்போது வெறுங்காலோட வந்திருக்க மாட்டார்,” என்று சல்லடை தொடர்ந்தார். “உங்க ஷூவைப் போட்டுட்டுப் போனார்னா அவர் ஷூ இங்கேதான் இருக்கணும். இவ்வளவு நேரமும் காணாமப் போனதைத் தேடினீங்க. கூடுதலா இருக்கிறதை யாராவது தேடினீங்களா?”

மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். அலமாரி அலமாரியாக ஷூ. மேசைக்கு மேலே ஷூ, கீழே ஷூ, உத்தரத்தில் தொங்கியதும் ஷூ. “கடல்ல உப்பு கூடுதலா இருக்கான்னு பார்க்கச் சொல்றீங்க.”

“புதுசை விடுங்க. பழசை மட்டும் பாருங்க.”

பழசு இருந்தது ஒரே இடத்தில்தான். திரும்பி வந்த சரக்கு அலமாரி. அறுபது ஜோடிப் பெண்கள் ஷூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் சீட்டு. வார் அறுந்தது, பசை விட்டது, சாயம் போனது. மூன்றாம் தட்டில், இரண்டு வெள்ளிச் செருப்புகளுக்கு நடுவே, லேஸ் கட்டிய ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ அப்பாவியாக இருந்தது. குதிகால் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. சீட்டில்: குறை, குதிகால் தேய்வு.

“நீங்க ஆம்பளைங்க ஷூ செய்யறீங்களா?”

“இல்லையே!” என்றார் வடிவமைப்பாளர். “வாசல்காரரே! இது எங்கே கிடைச்சுது?”

“பதினொரு மணி வாக்குல சோதனை அறை வாசல்ல கிடந்துச்சு மேடம். பழைய ஷூ எங்கே கிடந்தாலும் சீட்டு கட்டி இங்கே வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நாம ஆம்பளை ஷூ செய்யறதே இல்லையேய்யா!”

“நானும் அதுதான் பெரிய குறைன்னு நினைச்சேன். ஆனா சீட்டுல எழுத இடம் பத்தலை.”

சல்லடை ஒரு ஷூவைத் தூக்கிப் பிடித்தார். ஆறடி மனிதனின் ஷூ அவர் உள்ளங்கையிலிருந்து விரல் நுனியைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்திருந்த நடைக்காரி பத்தடி தூரத்திலிருந்தே சொன்னாள்:

“முப்பத்தேழு. என் அளவு.”

வடிவமைப்பாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் வாசல்காரர் முந்திக்கொண்டார்.

“போன்ல அவர் சொன்னது இப்பதான் ஞாபகம் வருது. ‘இதோ பன்னிரண்டுக்குள்ள போயிடறேன் சார்’னு பெரிய கம்பெனி பேரைச் சொன்னார்.”

“வித்துட்டான்!” என்று வடிவமைப்பாளர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். “நேரா அங்கேயே கொண்டுபோய் வித்துட்டான்! இவளும் அவனும் கூட்டு. ஒரே அளவு கால்!”

“கால் அளவு ஒண்ணா இருந்தா கூட்டாளியா அண்ணி?”

மணி இரண்டு முப்பத்தைந்து. சல்லடை பழைய ஷூவை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மாப்பிள்ளையின் கையில் திணித்தார். “வாங்க. நடந்தே போயிடலாம், உங்க ஸ்கூட்டரைக் கிளப்பறதுக்குள்ள மூணு ஆயிடும்.”

பெரிய கம்பெனியின் வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது. மீன்களைத் தவிர யாரும் அமைதியாக இல்லை.

“ஆய்வாளர் சாரா? மூணு மணி நேரமா எங்க முதலாளி ரூம்லதான் இருக்கார்,” என்றார் வரவேற்பாளர். “நீங்க?”

“திரும்பி வந்த சரக்கு ஒண்ணு அவர் பார்வைக்குக் கொண்டுவந்திருக்கோம். அவசரம்.”

மாடிப்படியில் மாப்பிள்ளை மூச்சிரைத்தார். “மூணு மணி நேரமா அத்தை! ஒரு ஷூவுக்கு மூணு மணி நேரப் பேரமா? எனக்கு உங்க பொண்ணைப் பேசி முடிக்கவே இருபது நிமிஷம்தான் ஆச்சு.”

“அதுக்கப்புறம் நான் மூணு வருஷம் யோசிச்சேன். கதவைத் தட்டுங்க.”

உள்ளே பெரிய முதலாளி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய மேசைக்குப் பின்னால், அவருடைய நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் தர ஆய்வாளர். உட்கார்ந்தபோதே முதலாளியின் தோளுயரம் இருந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் பளபளத்தது.

“நீங்களாவது சொல்லுங்கம்மா!” என்று முதலாளி முன்பின் தெரியாத சல்லடையிடம் முறையிட்டார். “என் நாற்காலியில உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே மாட்டேங்கறார். மெஷினைப் பாருங்க சார்னா, காகிதத்தை இங்கேயே கொண்டுவாங்கன்னு சொல்றார். காபி வேண்டாம், சாப்பாடு வேண்டாம். நான் என்ன தப்பு பண்ணினேன்னும் சொல்ல மாட்டேங்கறார்.”

சல்லடையின் பார்வை வீக்கத்திலிருந்து மெல்ல இறங்கி மேசைக்கு வந்தது. முன்பக்கம் பலகை அடைத்த பெரிய மேசை. விற்க வந்தவன் சரக்கை மேசைமேல் வைப்பான். காலைப் பின்னுக்கு இழுத்து மூன்று மணி நேரம் மேசைக்கு அடியில் வைத்திருக்க மாட்டான்.

“மாப்பிள்ளை, சார்கிட்ட உங்க சந்தேகத்தைக் கேளுங்க.”

மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனாலும் ஒரு நொடி தயங்கவில்லை. முதலாளியின் தோளில் கைபோட்டு ஜன்னலோரக் கண்ணாடி அலமாரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். “சார், என் மனைவிக்கு ஷூ வாங்கணும். வலது கால் ஒரு அளவு, இடது கால் ஒரு அளவு. கோபம் மட்டும் ரெண்டு கால்லயும் ஒரே அளவு. அதுக்கு உங்ககிட்ட என்ன மாடல் இருக்கு?”

சல்லடை மேசைமேல் குனிந்தார். “எத்தனையாவது படியில நிக்குது சார், அஞ்சு சென்டிமீட்டரா?”

ஆய்வாளரின் கண்கள் மூடித் திறந்தன. மூன்று மணி நேரமாக அடைத்துவைத்த மூச்சு வெளியே வந்தது.

“அஞ்சுதான்மா,” என்றார் குரலே இல்லாமல். “இந்த மாடிப்படி ஏறும்போதுதான் கீழே பார்த்தேன். அதுவரைக்கும் சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தலையை இடிச்சப்பகூட?”

“கேட் இறங்கிடுச்சுன்னு நினைச்சேன். என் கால் சின்னது. சின்ன வயசுல கேலி பண்ணியே கொன்னாங்க. அதனாலதான் பேன்ட்டை நீளமா தைக்கிறேன். ஆனா இந்த வேலையில அது உபயோகம். என் ஷூவை வாசல்ல கழட்டி விட்டு, கதவைச் சாத்திட்டு நானே போட்டு நடந்து பார்த்துடுவேன். வேற எந்த ஆய்வாளராலயும் முடியாது. காலையில போட்டுப் பார்த்துட்டு இருக்கும்போது மேலதிகாரி போன். இங்கே ஏன் இன்னும் வரலைன்னு ஒரே கத்தல். பேசிக்கிட்டே கிளம்பிட்டேன்.”

“ரெண்டு தெரு நடந்தும் உறைக்கலையா? வலிக்கலையா?”

“அதான்மா என்னைப் பிடிச்சு ஆட்டுது. இருபது வருஷமா ஹை ஹீல்ஸ் சோதிக்கிறேன். பத்து நிமிஷத்துல கழட்டி எறிவேன். இதைச் செஞ்ச அந்தம்மாகிட்டகூட, ஹீல்ஸும் வசதியும் ஒரே வீட்டுல குடியிருக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன்.” மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். “நான் ரெண்டு தெரு ஓடியிருக்கேன்மா. ஓடியிருக்கேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணி என்ன சொல்றது? மாதிரியைத் தூக்கிட்டுப் போன ஆய்வாளர்னு பேராயிடும். வேலை போயிடும். எழுந்து வெளியே போலாம்னா, படியில இறங்கும்போது இந்த முதலாளி பார்த்துடுவார். எதைப் பார்க்கக் கூடாதோ அதைச் சரியாப் பார்க்கிற கண்ணு அவருக்கு. அந்தம்மா ரகசியம் போயிடும். அதான் ஆணி அடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கேன். பாத்ரூம்கூடப் போகலை.”

“அங்கே ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லி உட்கார வச்சிருக்காங்க சார். நாலரைக்கு போலீஸ்.”

ஆய்வாளரின் முகத்தில் வீக்கத்தைத் தவிர மற்ற எல்லாம் வெளுத்துவிட்டது. இதுவரை அவர் யோசித்தது எல்லாம் தன் வேலையைப் பற்றித்தான். வேறு ஒருத்தி மாட்டியிருப்பாள் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

“பெட்டியில என்ன?”

“உங்க ஷூ.”

“கீழே தள்ளுங்க.”

மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பூகம்பம் நடந்தது. நீண்ட முழங்கால்கள் பலகையில் இடித்தன. பேனா டப்பா குதித்தது. ஜன்னலோரத்தில் மாப்பிள்ளை, மனைவியின் இல்லாத கால் ஆணியைப் பற்றி மூன்றாவது அத்தியாயத்தில் இருந்தார். பெட்டியின் மூடி மூடும் சத்தம் கேட்டதும் முதலாளி திரும்பிவிட்டார்.

“அது என்ன சார் பெட்டியில?”

“திரும்பி வந்த சரக்கு.”

“என்ன குறை?”

ஆய்வாளர் பெட்டியைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதல்முறையாக எழுந்து நின்றார். நின்றதும் முகம் சுளித்தது. இருபது வருடம் பழகிய சொந்த ஷூ இப்போது கருங்கல் போலக் கடித்தது.

“குறை எதுவும் இல்லை,” என்றார்.

மூன்று முப்பத்தெட்டுக்குத் திட்டிவாசலில் ஆய்வாளர் இரண்டு விரல் இடைவெளியோடு நுழைந்தார். வாசல்காரர் ஏமாற்றத்தோடு பார்த்தார்.

தையல் கூடத்துக்கு நடுவே போய் நின்று, “எல்லாரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க,” என்றார். நாற்பது இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 

“ஷூவைப் போட்டுட்டுப் போனது நான். மறதியில போட்டுட்டுப் போனேன். இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் அறிக்கையிலயும் இதையே எழுதப் போறேன். சோதனைக் காலம், நாலு மணி நேரம். சோதித்தவருக்கு வலி, இல்லை.”

வடிவமைப்பாளர் பெட்டியைப் பிடுங்கித் திறந்தார். குதிகாலை ஒன்பதுக்கு ஏற்றினார், மூன்றுக்கு இறக்கினார், மறுபடி ஏற்றினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. எண்பது கடை வைத்திருக்கிறவர்கள் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

“சரி, சரி, போட்டுக்கோ,” என்று ஷூவை நடைக்காரியிடம் நீட்டினார். “தலையைக் கொஞ்சம் சரி பண்ணிக்கோ. சீக்கிரம்.”

நடைக்காரி கையை நீட்டவில்லை.

“என்னடி?”

“இன்னைக்கு அவங்ககிட்ட வடிவமைப்புப் பதிவு ஃபாரம் கொடுக்கப் போறீங்கல்ல? அதுல ‘வடிவமைத்தவர்’னு போட்டு ரெண்டு கோடு இருக்கும்.”

“அதுக்கு?”

“ஒரு கோட்டுல உங்க பேர் இருக்கு. இன்னொண்ணு காலியா இருக்கு.”

“இப்ப அதுவா பேசற நேரம்? வாசல்ல ஆள் வந்து நிக்குது!”

“காலையிலேர்ந்து எனக்கு நிறைய நேரம் இருந்துச்சு அண்ணி. ஸ்டூல்ல உட்கார வச்சீங்கல்ல, அப்ப யோசிச்சேன். ஏழு சென்டிமீட்டருக்கு ஏத்தினா அந்தப் பட்டை உள்ளங்கால்ல குத்துதுன்னு சொன்னது யாரு? ரெண்டா வெட்டி நடுவுல கீல் வச்சா என்னன்னு கேட்டது யாரு?”

“உன் கால் சொன்னதை...”

“காலுக்கு வாய் கிடையாது. சொன்னது நான்.” குரல் உயரவில்லை. ஆனால் நாற்பது பேருக்கும் கேட்டது. “திருடின்னு சொல்ல என் பேர் உடனே ஞாபகம் வந்துச்சு. ஃபாரத்துல எழுதறதுக்கு வரலையா?”

மாப்பிள்ளை வாய் திறந்தார். சல்லடை அவர் காலை மிதித்தார், மரியாதையாக.

வடிவமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். இயந்திரங்களுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முகங்களைப் பார்த்தார். நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கன்னத்தில் யாரோ தட்டியதுபோல இமைகள் படபடத்தன. ஆமாம், அன்றைக்கு இவள்தான் ஒரு பழைய கத்தரிக்கோலை விரித்து மடக்கிக் காட்டி, “இது மாதிரி அண்ணி” என்றாள். தான் அதை மறுநாள் தன் வரைபடத்தில் போட்டுக்கொண்டது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“பயத்துல மூளையே வேலை செய்யலை,” என்றார். “கைக்கு எட்டின தூரத்துல நீ இருந்தே. தப்புப் பண்ணிட்டேன்மா. பெரிய தப்பு.”

ஃபாரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, நின்றபடியே காலிக் கோட்டில் நாத்தனாரின் பெயரை எழுதினார். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு. நடைக்காரி குனிந்து ஒருமுறை படித்தாள். பிறகு ஷூவை வாங்கிப் போட்டு, உள்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னக் ‘கிளிக்’. அண்ணியைவிட அரைத்தலை உயரமாகிவிட்டாள்.

கொள்முதல் குழு உள்ளே வந்தது. மூன்று பேர். முன்னால் வந்த பெண்மணிக்கு அவசரம். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஷூவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இதை யார் வடிவமைச்சது?”

வடிவமைப்பாளர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

“உட்காருங்க மேடம்,” என்றாள் நடைக்காரி. “நடந்துக்கிட்டே சொல்றேன்.”